ஆரஞ்சுக் கறை

கடைசி டிராமைப் பணிமனையில் உறங்கவிட்டு
லிபுஷே வீடு வந்து சேரும்போது
ப்ர்னோ நகரத்தில் நள்ளிரவு தாண்டியிருக்கும்.
சீருடையைக்கூடக் கழற்றுவதில்லை,
கைவிளக்கோடு நேரே கொல்லைக்கு.

பதினேழு அவரைச் செடிகள்.
நேற்றுவரை நுனியெல்லாம் பச்சை.
இன்று யாரோ மிளகுத்தூள் தூவிப் போனதுபோல்
கறுப்பு.
கிட்டப் போய்க் குனிந்தால்
மிளகுக்குக் கால்கள்.

தமிழில் இதற்கு அசுவினி என்று பேர்.
முதல் நட்சத்திரத்துக்கும் அதே பேர்.
பேர் வைத்தவன்
அண்ணாந்து பார்த்து வைத்தானோ,
இலையைத் திருப்பிப் பார்த்து வைத்தானோ.
லிபுஷேக்கு அந்தக் கவலை இல்லை.
அவள் மொழியில் அது ம்ஷித்சே:
பல்லைக் கடித்துக்கொண்டுதான்
சொல்லவே முடியும்.

ஆண் துணை வேண்டாம், பெற்றுத் தள்ளும்.
பிறக்கிற மகளின் வயிற்றில்
பேத்தி ஏற்கெனவே காத்திருப்பாள்.
திங்களன்று நாற்பது என்றால்
வெள்ளியன்று எண்ணுவதை விட்டுவிடலாம்.

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஹவ்ரானெக்
நீலப் புட்டி ஒன்றை நீட்டினார்.
"ஒரே அடி. விடிந்தால் சுத்தம்."
"பூ விட்டிருக்கிறதே" என்றாள்.
"விடிந்தால் தேனீயும் வருமே."
புட்டி வேலிக்கம்பத்தின் மேலேயே
மூன்று நாள் நின்றது.
மழை அதன் லேபிளை உரித்தது.

அவள் சோப்பைச் சீவினாள்.
வாளி நீரில் கரைத்து
இலைக்கு அடிப்புறம் பார்த்துப் பார்த்துத் தெளித்தாள்.
முதல் தடவை அளவு கூடிப்போய்
இரண்டு செடி பொசுங்கியது.
காஞ்சொறி இலையை ஊறப்போட்டாள்;
அந்த நாற்றத்துக்குத் தெருவே சன்னல் சாத்தியது.
அசுவினி குறைந்தது.
மறுநாள் குறைந்ததெல்லாம் நிறைந்தது.

தண்டில் எறும்புச் சாரை.
பயணச்சீட்டு இல்லாத கூட்டம்,
ஏறுவதும் இறங்குவதுமாய்.
அசுவினியின் முதுகைத் தடவி
தித்திப்பு ஒரு சொட்டு வாங்கிக்கொண்டு
பொறிவண்டு வந்தால் கடித்து விரட்டும்.
எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
கல்லுக்கே அந்தக் கதி என்றால்
அவரை எம்மாத்திரம்.

புதன் இரவு
இலைக்கடியில் புதிதாய் எதையோ கண்டாள்.
சாம்பல் உடம்பு, முள் முதுகு, பக்கவாட்டில் ஆரஞ்சுப் பொட்டு,
நகக்கண் அளவு முதலை.
இதுவுமா என்று நசுக்கினாள்.
பதினொன்று.
விரலில் ஆரஞ்சுக் கறை,
கசந்த வாடை.

மறுநாள் பணிமனையில்
பன்னிரண்டாவதின் படத்தைக் காட்டினாள்.
சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த க்விடோ
முதலில் சிரித்தான்.
பிறகு சிரிப்பை நிறுத்தினான்.
"இது பொறிவண்டின் பிள்ளை, லிபுஷே.
பெரியதைவிட அதிகம் தின்னும்."

அன்று முழுக்க
டிராமின் கைப்பிடியைப் பிடித்த விரல்களையே
பார்த்துக்கொண்டு ஓட்டினாள்.
ஒரு நிறுத்தத்தைத் தவறவிட்டாள்.
ஒரு கிழவர் கைத்தடியால் கதவைத் தட்டினார்.

பிறகு செய்தது இவ்வளவுதான்.
பதினான்கு செடியின் நுனியைக் கிள்ளினாள்.
மூன்று முறை அலசி
பூண்டு போட்டு வதக்கித் தின்றாள், நன்றாகவே இருந்தது.
வேலியோரத்து மூன்று செடியை மட்டும்
தொடாமல் விட்டாள்.
கறுத்து, சுருண்டு, பிசுபிசுத்து
பார்க்கவே கூசும்.
"பூச்சி வளர்க்கிறாயா?" என்றார் ஹவ்ரானெக்.
"கூலி எடுத்து வைக்கிறேன்" என்றாள்.
"யாருக்கு?"
அவளுக்கும் தெரியவில்லை
வருவார்களா என்று.

ஒன்பது இரவு யாரும் வரவில்லை.
மூன்றில் ஒரு செடி சாய்ந்தது.

பத்தாம் இரவு, விளக்கு வட்டத்துக்குள்
முள் முதுகு ஒன்று
ஊர் அடங்கிய பின் வந்த ஓட்டுநர்
சிற்றுண்டிச்சாலை மூலையில் உண்பதுபோல்
அவசரமில்லாமல்
ஓர் அசுவினியைத் தின்றுகொண்டிருந்தது.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.
ஒன்று, என்றாள்.
இன்னும் பத்து.