மற்றவை

காலை எட்டு மணிக்கு
கம்பத்தின் உச்சியில், தகரக் குடைக்கடியில்,
நேற்றைய கண்ணாடியைக் கழற்றி
இன்றையதைச் செருகுகிறேன்.
வாசலின் மெலிசாகப் பூசியிருக்க வேண்டும்.
தடித்தால் எறும்பு மாட்டும்.
போன வாரம் ஒன்று மாட்டியது.
அதையும் எழுதி வைத்தேன், சும்மா.

கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட் ஏற்றிய லாரிகள்
கழுவுமிடத்துக்கு இறங்குகின்றன.
கோதுமை எங்கள் வேலிக்குள் மட்டும்தான், எட்டுப் பாத்தி.
துருப் பிடிக்கட்டும் என்றே வளர்க்கிறோம்.
பெள்ளி அதற்குள் நடந்து வந்தால்
முழங்கால்வரை செங்காவி.
தட்டிவிடாதீர்கள் என்று கத்துவேன்.
தட்டிவிடுவார்.

லென்சுக்கு அடியில் முதலில் வருவது பைன் மகரந்தம்,
இரண்டு பக்கமும் காற்றுப்பை கட்டிக்கொண்டு
நீச்சல் பழக வந்த பிள்ளை மாதிரி.
அப்புறம் தேயிலைக் கொப்புளத்தின் வித்து,
நிறமே இல்லாமல், வெளிச்சத்தைக் குறைத்தால்தான் தெரியும்.
அப்புறம் அது.
நீள்வட்டம். மிளகாய் வற்றல் நிறம். மேலெல்லாம் முள்.
எண்ணியில் ஒரு சொடுக்கு.

சமவெளிக் கோடையில் இது வெந்து செத்துவிடும்.
அதனால் மலையில் தங்குகிறது,
மே மாதம் ஊட்டிக்கு வருகிற குடும்பங்கள்போல,
வாடகை மட்டும் கொடுக்காமல்.
வங்கக் கடலில் புயல் சின்னம் என்று ரேடியோ சொன்னதும்
மூட்டை கட்டும்.
நர்மதைக் கரையில் யாரோ ஒருவரின் வயலில்
மழையோடு இறங்கும்.
பிப்ரவரியில் ஒரு போன் வரும்.
'ஆ கயா' என்பார்கள்.
எனக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்.

என் தங்கை எஸ்தருக்கு அருவங்காட்டில்
காளான் ஷெட்டில் வேலை.
சிப்பிக் காளான். விரிந்தால் விலை போய்விடும்,
ஆனாலும் ராத்திரியில் விரியும்.
விடிந்து கதவைத் திறந்தால்
பீடிப் புகைபோல ஒன்று நிற்கும், வாசனையில்லாமல்.
ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நன்றாகப் பாடுவாள்.
திங்கள் சாயந்தரம் காய்ச்சல், குளிர், நெஞ்சில் ஒரு பலகை.
டிபி என்று ஆறு வாரம் மாத்திரை கொடுத்தார்கள்.
அப்புறம்தான் ஒரு டாக்டர்
எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்து
என்னம்மா வேலை பார்க்கிறாய் என்று கேட்டார்.

ஒரு கண்ணாடியைத் திருடினேன்.
அவள் ஷெட்டில் கட்டினேன், பத்தே நிமிடம்.
எல்லோரும் போனபின் பார்த்தேன்.
இடைவெளியே இல்லை, அரிசி கொட்டின முறம்.
சொடுக்கிச் சொடுக்கிக் கட்டைவிரல் மரத்தது.
நாலாயிரத்தில் நிறுத்தினேன்.
ஓர் ஓரம்தான் முடிந்திருந்தது.

படிவத்தில் ஐந்து கட்டம்:
கருந்துரு, பழுப்புத்துரு, மஞ்சள்துரு, மகரந்தம், மற்றவை.
மற்றவையில் எழுதினேன்.
மாதேஸ்வரன் சார் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்,
'இது எந்தக் கம்பம்?'
எஸ்தர் என்றேன்.
பென்சிலால் அடித்தார். லேசாகத்தான்.
அடியில் எண் இன்னும் தெரிகிறது.

மேகத்துளி உறைவதற்கு
அதற்குள்ளே ஒரு பாக்டீரியா உதவும், தெரியுமா
என்று அவளிடம் சொன்னேன், ஆறுதலாக எதையோ சொல்ல நினைத்து.
'அப்ப மேகமும் இருமுமா?' என்றாள்.
சிரித்தாள்.
சிரிப்பு இருமலில் போய் முடிய
முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

நாளைக்கான கண்ணாடிக்கு வாசலின் பூசும்போது
மூச்சை அடக்கிக்கொள்வது வழக்கம்.
நம்முடையதும் ஒட்டிக்கொள்ளும், கணக்குத் தப்பும்.
இன்று அடக்கவில்லை.
வெளியே பனி. கண்ணாடி ஒரு கணம் மங்கித் தெளிந்தது.
அதைச் செருகிவிட்டு வந்தேன்.