மேற்கே பாயும் ஆறு

பழுப்புத் தாளை விரித்து
ஆற்றை இடவலம் மாற்றி வரைந்தேன்.
பொதிகை என் வலக்கைப் பக்கம்,
புன்னைக்காயல் இடக்கைப் பக்கம்.
மைதாப் பசை தடவி
ஒவ்வொரு சில்லையும் குப்புறப் படுக்கவைக்க வேண்டும்.
முகம் தாளுக்கு, முதுகு எனக்கு.
ஒன்றரை மாதம்
முதுகுகளோடு பேசிக்கொண்டிருந்தேன்.

வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரிச் சுவருக்கு
எட்டடிக்கு நாலடி.
நீலமாக இருக்கட்டும் என்றார் டாக்டர் குணசீலி.
தாமிரபரணியில் எங்கே நீலம்?
பாபநாசத்தில் அது சோடாப்பாட்டில் பச்சை.
சேரன்மகாதேவி தாண்டினால்
ஆறிப்போன கடுங்காப்பி.
குறுக்குத்துறையில் உச்சிவெயிலுக்கு
நிறமே கிடையாது,
கண்ணை இடுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.
சொல்லிப் பார்த்தேன்.
"வலியோட உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு
நீலம் நல்லது."
அது அவர் படிப்பு.
கொஞ்சம் நீலம் போட்டேன்.

கட்டரை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பு.
கண்ணாடி சரியாகக் கீறுவது
கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும்.
தாளித்த கடுகு அடங்குகிறாற்போல் சீறினால் சரி;
கீச்சிட்டால் தூரப் போடலாம்.
அப்புறம் குறடு.
அப்புறம் விரல்.
ரேஷன் கடை மெஷின்
என் கட்டைவிரலை மூன்றுமுறை பார்த்துவிட்டு
யாரென்று தெரியாது என்றது.
"ஆவுடைத்தங்கம்தான் சார், என்கூட வேலை செய்யுதவ"
பின்னாலிருந்து ஜெபகனி சாட்சி சொன்னாள்.
மெஷின் ஜெபகனியை நம்பவில்லை.

எல்லாம் முடிந்து
பாலத்தடியில் நுரைக்கு மட்டும்
ஓர் உள்ளங்கை இடம் பாக்கி.
எந்த வெள்ளையை வைத்தாலும்
ஆறு பல் கட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை
நான் வந்த பஸ்ஸில் கல் விழுந்தது.
ஜன்னல் ஒரு கணம் முழுக்க வெளுத்து நின்றது,
பிறகு மொத்தமாய் மடியில் கொட்டியது,
கல்லுப்பு மாதிரி.
பக்கத்து சீட்டில் பள்ளிக்கூடப் பையன்
மணிக்கட்டில் கட்டியிருந்த நிறக்கயிற்றைச்
சட்டைக் கைக்குள் தள்ளினான்.
எந்த ஊர் விலக்கில் விழுந்தது,
ஏன் இந்தப் பஸ்மேல் விழுந்தது,
எல்லோருக்கும் தெரியும்.
"யாருக்கும் ஒண்ணுமில்லையே" என்றார் கண்டக்டர்.
ஒண்ணுமில்லை.
சீட்டைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார்கள்.

வீட்டில் பையை உதறினேன்.
முந்தானை மடிப்பில்,
டிபன் மூடியின் ரப்பர் வளையத்தில்,
சீப்புப் பல்லில்.
இதை வெட்ட முடியாது,
குறடு பட்டால் பொடிதான்.
உடையும்போது எடுத்த அளவு எதுவோ அதுதான்.
ஒரு டம்ளர் தேறியது.

சிமெண்ட் பூசிச் சுவரில் பதித்து
ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி
மூலையிலிருந்து தாளை உரித்தோம்,
ஜெபகனி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
ஆறு திரும்பிக் கிழக்கே போனது.
சீவலப்பேரிப் பக்கம் இரண்டு சில் தாளோடு வந்துவிட்டன;
திட்டிக்கொண்டே திரும்ப வைத்தோம்.

டாக்டர் வந்தார்.
நீலத்தைத் தாண்டிப் போய்ப் பாலத்தடியில் நின்றார்.
"இது என்ன அழகு! எந்தக் கடையில வாங்கினது?"
நகத்திடுக்குச் சிமெண்டை எடுத்துக்கொண்டே
"நாலு பத்து பஸ்" என்றேன்.
கடையின் பேர் என்று போனில் குறித்துக்கொண்டார்.
மேல்மாடிச் சுவருக்கும்
இதே வெள்ளைதான் வேணுமாம்,
இன்னும் நிறைய.