தேய்மானம்

காடாம்புலியூர் தாண்டியதும்
இடதுகைப் பக்கம் மூன்று குடோன்கள்,
வலதுகைப் பக்கம் இரண்டு.
எனக்கு இட்ட வேலை இடது பக்கம்.
சாலை எந்தப் பக்கம் அகல வேண்டும் என்று
ஊரைப் பார்க்காத ஒருவர்
படத்தில் கோடு போட்டிருந்தார்.
வலது பக்கம்
தானாகவே விழுந்துகொள்ளலாம்.

முதலாவதற்குக் கூரை இல்லை.
தானே புயலன்று ஓடுகள்
எதிர் முந்திரிக்கொல்லைவரை பறந்ததாகச் சொன்னார்கள்.
இப்போதும் மழை பெய்தால்
மண்ணுக்குள்ளிருந்து சில்லுகள் எட்டிப் பார்க்கும்.
இரண்டாவதற்குக் கதவு இல்லை.
நிலை இருக்கிறது, நிலையில் நாதாங்கி,
நாதாங்கியில் பூட்டு,
பூட்டியபடி.
அதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று
கொஞ்ச நேரம் நின்றேன்.

மூன்றாவது
கலியவரதன் மல்லாட்டை மண்டி.
நெற்றியில் நீலத்தில் எழுதியதில்
'கலி' மட்டும் பாக்கி.
வாரிசுகள் மூவர்.
முத்தியால்பேட்டையில் இருப்பவர்
தினமும் காலையில் போன் செய்கிறார்:
'பார்த்துப் போடுங்க மேடம்,
உள்ளே எல்லாம் தேக்கு.'
உள்ளே எல்லாம் பனை.
பனையிலும் கரையானுக்குப் போக
நார்தான் மிச்சம்.

வயது எழுபது, ஆயுள் எண்பது.
ஆண்டுக்கு ஒன்றேகால் சதவீதம்
கட்டிடம் தேயும் என்கிறது அட்டவணை,
மாதாமாதம் தவணை கட்டுகிறவனைப் போல.
மழைக்கு அந்தக் கணக்கு தெரியாது.
ஒன்பது வருஷம் சும்மா இருந்துவிட்டு
ஒரு கார்த்திகை ராத்திரியில்
வடக்குச் சுவரை மொத்தமாக வாங்கிக்கொள்ளும்.

அந்த வடக்குச் சுவரில்
ஓர் அரசு.
வேர் செங்கலைப் பிளந்ததா
செங்கலைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா
பார்த்தால் தெரியவில்லை.
மரத்துக்கு விலை போடுவது வேறு ஆபீஸ்.
சுவரை நான் எடுத்தால் மரம் விழும்,
மரத்தை அவர்கள் எடுத்தால் சுவர் விழும்.
இரண்டு கடிதம் எழுத வேண்டும்.

டேப்பின் மறுமுனை தனக்கோட்டியிடம்.
பதினோரு வருஷமாய்
என் அளவுகளின் மறுமுனை அவன்தான்.
சுவரோரம் போகும்போது
கரிக்கட்டியால் இழுத்த கோடுகளைத் தொட்டான்.
நாலு நிமிர்ந்த கோடு, குறுக்கே ஒன்று,
மறுபடி நாலு, குறுக்கே ஒன்று.
'எங்கம்மா இங்கதான் கொட்டை உடைக்க வரும்' என்றான்.
'வழிச்ச மரக்காலுக்குத்தான் கூலி.
ஆனா அவங்களுக்கு அளக்கும்போது
கோபுரமா நிக்கணும்,
மேலேர்ந்து ஒரு பருப்பு உருளணும்,
உருண்டாத்தான் கோடு.'
உருண்டதை என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.
அவன் டேப்பை இழுத்துக்கொண்டு
இருட்டுக்குள் போய்விட்டான்.

லாரி ஒன்று கடந்தது.
மேலிருந்து காரை உதிர்ந்து
என் பேரேட்டின் மேல் விழுந்தது,
ஊதினேன்.

'பதினெட்டு புள்ளி நாலு' என்றது மறுமுனை.

உடைந்த ஓட்டின் வழியே
வெயில் ஒரு தட்டு அளவுக்கு
சரியாக அந்த மூலையில் விழுந்திருந்தது.
டேப் நுனிக்கும் சுவரின் மூலைக்கும் நடுவே
ஒரு கை அகலம் செங்கல்,
வெளிச்சத்தில், சிவப்பாக.
அவன் என்னைப் பார்க்கவில்லை.
நுனியைக் கட்டைவிரலால் அழுத்தியபடி
சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

'எவ்வளவு?'
'பதினெட்டு புள்ளி நாலு, மேடம்.'

எழுதினேன்.
அகலத்துக்கும் அவனே பிடித்தான்.

தேய்மானம் கழித்தேன்.
எவ்வளவு தேய்ந்தாலும்
பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது,
விதி அப்படி.
இடிபாட்டுக்கும் ஒரு மரியாதை உண்டு.

சிவப்புப் பெயிண்டில் எண் போட்டோம், 41.
பெயிண்டை உறிஞ்சிக்கொண்டது சுவர்.
இரண்டு முறை பூச வேண்டியிருந்தது.
வெளியே வந்தால் எதிர்ப்பக்கம்
கணக்கில் வராத இரண்டு குடோன்கள்,
ஒன்றின் கூரைமேல்
ஆடு நின்றுகொண்டிருந்தது.
எப்படி ஏறியது என்று தனக்கோட்டி வியந்தான்.
அந்தப் பக்கச் சுவர்
ஏறிப் போகிற அளவுக்கு
ஏற்கெனவே சாய்ந்திருந்தது.