பூட்ஸுக்குள் ஆறு ஷில்லிங்

உட்காருங்கள் ஐயா.
அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் பொய்.
கட்டில் ஓரத்தில் உட்காரலாம்.
தொப்பி மட்டும் கையிலேயே இருக்கட்டும்;
இந்த வீட்டில் எதைக் கீழே வைத்தாலும்
கம்பளித் தூசு வந்து ஒட்டிக்கொள்ளும்.

ஆமாம், எனோக் சட்கிளிஃபின் மனைவிதான். கெசையா.
பதினொரு வயதிலிருந்து தறி,
காது போய்விட்டது.
உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் படிக்கிறேன்.
'பணம்' என்று சொல்ல
உதடு தொடங்கும்போதும் ஒட்டும், முடிக்கும்போதும் ஒட்டும்.
நீங்கள் இரண்டுக்கும் நடுவில்
தடுமாறுகிறீர்கள்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆலை விடும்.
சட்டம் போட்டு வாங்கிய அரைநாள்.
அந்த அரைநாளில்தான் யார்க்‌ஷயர் மழையில் இந்த ஊரே
கயிற்றைச் சுற்றி நின்று தொண்டை கிழியக் கத்துகிறது.
நுழைவு ஆறு பென்ஸ்.
அந்தக் காசில் எண்ணெய் வாடை அடிப்பதாக
லண்டனில் எவரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.

வெளியூர் ஆட்டமென்றால் ரயில் ஒன்பது நாற்பதுக்கு.
காலை முழுக்கச் சம்பளம் வெட்டு.
ஆலை முதலாளிதான் கழகத்துக்கும் தலைவர்.
ஜெயித்தால் எனோக்கின் தோளைத் தட்டுவார்,
அதே கையால்
வெள்ளிக்கிழமை கழித்துக்கொள்வார்.

உங்கள் அணியில் யார் யார் ஐயா?
வக்கீல்,
வக்கீலின் மைத்துனர்,
பாதிரியார் மகன்கள் இருவர்.
அவர்கள் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினால்
யார் வீட்டு அடுப்பு அணையும்?
விளையாட்டு விளையாட்டுக்காகவே என்கிறீர்கள்.
அழகான வாக்கியம். சுவரில் மாட்டி வைப்பேன்,
சுவர் எங்களுடையதாக இருந்தால்.

ஜனவரியில் அவருக்குக் காறை எலும்பு முறிந்தது.
கம்பளி சீவும் இயந்திரத்துக்கு இரண்டு கையும் வேண்டும்.
ஐந்து வாரம்
இந்தக் கட்டிலில்தான் கிடந்தார், நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே பக்கம்.
அப்போது விசாரிக்க யாரும் வரவில்லை.
ஆறு ஷில்லிங்குக்கு வந்திருக்கிறீர்கள்,
முதல் வகுப்பில்,
சங்கத்தின் செலவில்.

அவர் பெயரை அடித்துவிடுவீர்கள், தெரியும்.
இனி எந்த மைதானத்திலும் கால் வைக்கக் கூடாது என்பீர்கள்.
ஆலை வாசலில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது,
அங்கே தினமும் வைக்கலாம்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள்.
திங்கட்கிழமை சேறு தட்ட பூட்ஸைக் கவிழ்த்தேன்.
விழுந்தது.
யார் போட்டார்களோ, எனக்குத் தெரியாது.
எலியாக இருக்கலாம்;
இந்தத் தெருவில் எங்களைவிட
எலிகள் சேமிக்கின்றன.

வாடகைக்கு மூன்று.
ரொட்டிக்காரனிடம் நின்ற பாக்கிக்கு இரண்டு.
மிச்சம் ஒன்றுக்கு நிலக்கரி வாங்கினேன்.
சாட்சியம் வேண்டுமென்றால்
இதோ, உங்கள் காலருகே எரிகிறது.

ஷூ நனைந்திருக்கிறதே.
இன்னும் கொஞ்சம் நெருங்கி
உட்காருங்கள்.