இரண்டு தட்டு

தென்காசிக் கோர்ட்டில் கூண்டு புதுசு.
வார்னிஷ் கையில் ஒட்டுகிறது.

நீ செய்ததையும் சேர்த்து,
தெரிந்ததை எல்லாம் மறைக்காமல் சொன்னால்
உனக்கு மன்னிப்பு என்று
செங்கோட்டை மாஜிஸ்திரேட் வாசித்தபோது
சம்மதம் என்றேன்.
பூதத்தான் அண்ணன் முந்தியிருந்தால்
நான் இரண்டாம் எதிரியாகவே நின்றிருப்பேன்.
அதை அடித்துவிட்டு
அரசு சாட்சி ஒன்று, உச்சிமாகாளி, கிளீனர்
என்று எழுதிக்கொண்டார்கள்.

மன்னிப்புக் கிடைத்தவனைத்தான்
வழக்கு முடியும்வரை உள்ளே வைப்பார்களாம்.
கிடைக்காதவர்கள் ஜாமீனில்
பிரானூரில் புரோட்டா பிய்க்கிறார்கள்.
முதலாளி ஆறுமுகநயினார்
இந்த வருசமும் மாலை போட்டிருக்கிறார்.

சொன்னேன்.
ரேஷன் அரிசி நூற்றி எண்பது மூட்டை,
மேலே வைக்கோல்.
புளியரை தாண்டி எஸ் வளைவில் மழை.
குறுக்கே டார்ச்சோடு
ஊர்க்காவல் படைக்காரர் கோயில்பிச்சை.
பின்பக்கம் போய் வைக்கோலை விலக்கினார்.
வண்டி பின்னால் வந்தது.
ஓட்டியது யார்?
பூதத்தான்.
போனில் யார்?
முதலாளி.
என்ன சொன்னார்?
லோடு முக்கியம்னு சொன்னார்.

உன் தோலைக் காப்பாற்றத்தானே
இவர்களைக் காட்டிக்கொடுக்கிறாய்?
என்றார் அவர்கள் வக்கீல்.
ஆமாங்க என்றேன்.
கோர்ட் சிரித்தது.

கிளீனருக்கு என்ன வேலை என்று
ஒருத்தரும் கேட்கவில்லை.

லாரி பாடியில் கை.
ஒரு தட்டு, நில்.
இரண்டு தட்டு, வா.
மழையில் டிரைவருக்குக் கண்ணாடி தெரியாது.
எனக்கு
அந்த டார்ச் வெளிச்சம் தெரிந்தது.

கேட்காததையும் சொன்னால்தான் மன்னிப்பு.
மறைத்தால் பழைய எதிரி நம்பர் திரும்ப வரும்.
சொன்னால் ஒன்றும் ஆகாது.
சொன்னால்
ஒன்றுமே ஆகாது என்பதுதான்
தொண்டையில் நின்றது.
மூன்றாம் பெஞ்சில் அந்த அம்மா,
மடியில் ஒரு சாப்பாட்டுத் தூக்கு,
ஆறு மாதமாக எந்த வாய்தாவும் விடாமல்.

வாய் வரவில்லை.
கை வந்தது.
வார்னிஷ் கட்டையில்
டக்
டக்.

டைப்பிஸ்ட் விரல் நின்றது.
இதை எப்படி அடிப்பது என்று
நீதிபதியைப் பார்த்தாள்.
வாயால் சொல்லுங்க என்றார் அவர்.

தூக்கின் மூடி கீழே விழுந்து
வக்கீல் மேஜைக்கு அடியில் உருண்டு
ஒரு நாற்காலிக் காலைச் சுற்றிச் சுற்றி
தட்டையாகப் படுக்கிறவரை
எல்லாரும் காத்திருந்தோம்.