ஐம்பது புள்ளி ஒன்பது

சுட்ட கூடு நீளும்.
இதை நம்ப எனக்கு ஒரு வாரம் பிடித்தது.
பித்தளைதானே,
எத்தனை முறை வெடித்தாலும் அதே அளவில் கிடக்கும் என்றிருந்தேன்.
இல்லை. உள்ளே நெருப்பு ஒரு தள்ளு,
திரும்ப அச்சில் போட்டு நெருக்குகையில் ஒரு தள்ளு,
போக வேறு இடமில்லாமல்
கழுத்துப் பக்கம் ஏறிவிடுகிறது உலோகம்.

வெர்னியரின் வாயில் கொடுத்துப் பார்க்கிறேன்.
ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. கூடாது.
ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு ஆறு. கூடவே கூடாது.
துப்பாக்கியின் தொண்டையில் போய் முட்டும்,
குண்டை விடாமல் கவ்விக்கொள்ளும்,
அப்புறம் அழுத்தம் எங்கே போகும் என்று
தாத் முராத் இரண்டு கையையும் விரித்துக் காட்டினான்.
ஐம்பது புள்ளி ஒன்பதுக்கு இறக்கு.
மருந்து என் பாடு, கழுத்து உன் பாடு.

இப்ரிக்கு வெளியே, டயர்க் கடைகள் தாண்டி,
துப்பாக்கிச் சங்கத்தின் பின்னறை.
ஜன்னல் ஏசி, அது ஒழுக ஒரு பெயிண்ட் வாளி.
கூட்டைப் பூட்டு, கைப்பிடியைச் சுற்று.
முதலில் கரகரப்பு, பிறகு வழவழப்பு,
சத்தம் நின்றால் அளவு வந்துவிட்டது.
உள்விளிம்புக்கு ஒரு சுரண்டல், வெளிவிளிம்புக்கு ஒன்று.
பொன்னிறச் சுருள் சட்டைப் பையில், செருப்பில்,
ஒருமுறை பரோட்டாவில்.

வளைத்த கம்பி ஒன்று உண்டு.
உள்ளே விட்டு அடிச்சுவரைத் தடவவேண்டும்.
கம்பி பள்ளத்தில் தடுக்கினால்
அந்தக் கூட்டுக்கு இனி வெட்டு வேண்டாம், குப்பை வாளிதான்.
வெளியே பார்த்தால் புதுசு போலிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அட்டை புதுப்பிக்கப் போனேன்.
கண்ணாடிமேல் வலது கட்டைவிரல். சிவப்பு.
துடைத்து வை. சிவப்பு.
ஷம்ஸா என்று பெயர்ப்பட்டை குத்தியிருந்த பெண்
களிம்பு பிதுக்கித் தந்தாள்.
பூசி வை. சிவப்பு.
என்ன வேலை என்றாள்.
கூடு வெட்டுவதை அரபியில் சொல்லத் தெரியாமல்
நுஹாஸ், நுஹாஸ் என்று விரலைத் தேய்த்துக் காட்டினேன்.
காலையிலிருந்து ஒரு கொத்தனார், ஒரு டைல்ஸ்காரர், இப்போது நீ.
திரையில் என் விரல் ஒரு வெள்ளை மச்சம்.
பக்கத்தில் வியாகுலம் என்ற பெயர்
இரண்டு எழுத்துப் பிழையோடு திடமாக நின்றது.
ஒரு வாரம் வேலை செய்யாமல் இருந்து வா, கோடு திரும்பும் என்றாள்.
நான் சிரித்துவிட்டேன். அவளும்.

திங்கள் காலை அபூ சுல்தான் காத்திருந்தார்,
வெள்ளைக் கைக்குட்டைமேல் நாலு கூடு.
வியாழனன்று நான் வெட்டி அடுக்கியவை.
யார் தொட்டது இதை?
தோளில் பழுப்பாக ஒரு கறை, நாலிலும்.
வியர்வையின் உப்பு பித்தளையைத் தின்றிருக்கிறது.
ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன்.
கோடு, கோடு, கோடு,
குறுக்கே எப்போதோ கத்தி பட்ட தழும்பு.
தேய்ந்தது நடுவிரல்சதை மட்டும்தான் போல,
கட்டைவிரலின் ஓரம் அப்படியே இருந்திருக்கிறது.
அரசாங்கத்துக் கண்ணாடி தேடிக் களைத்ததை
கேட்காமலே எழுதி வைத்திருக்கிறது
நாலு காலிக் கூடு.

நான்தான் என்றேன்.
தேவைக்கு மேல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.
தாத் முராத் திரும்பிப் பார்த்தான்.

கையுறை கொடுத்தார்கள்.
கறைபட்டதையெல்லாம் சோளக்கட்டைத் தூளோடு டப்பாவில் போட்டு
மூன்று மணி நேரம் சுழலவிட்டேன்.
எடுக்கும்போது யாரும் தொட்டறியாத மினுக்கு.
அடுக்கைத் துழாவி ஒன்றை மட்டும் ஒதுக்கியிருந்தேன்:
வியாழன் அவசரத்தில் ஐம்பது புள்ளி ஐந்துக்கு இறங்கிப்போன குட்டை,
யாருக்கும் ஆகாது. கறை அதில் தெளிவு.
ஷம்ஸாவிடம் காட்டலாமா என்றேன்.
தோட்டாக் கூட்டோடு அரசு ஆபீசுக்குள் நுழைகிறவனுக்கு
அட்டை தேவைப்படாது என்றான் தாத் முராத்.
அதுவும் சரிதான்.

மிச்சம் இருநூற்றுப் பத்து.
பூட்டு, சுற்று, அள.
கையுறைக்குள் கட்டைவிரல் வியர்க்கிறது.