கை எட்டும் வட்டம்

கத்தியை எடுக்குமுன்
கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்று.
விரல்நுனி போகிற தூரத்துக்குள்
ஆள் இருக்கக் கூடாது.
தார்த்து நகரத்து மூன்று நாள் வகுப்பில்
முதல் பாடம் அதுதான்.
பதினோரு பேர், சின்ன அறை.
இடித்துக்கொண்டோம்,
நாற்காலிகளை இழுத்துப் போட்டோம்,
மறுபடியும் இடித்துக்கொண்டோம்.

ஹீயுமா தீவின் வடகரையில்
இடத்துக்குப் பஞ்சமில்லை.
இங்கே நான் சுற்றினால்
அடுப்பு, ஜன்னல், சீவல் குவியல்,
அப்புறம் கடல்வரைக்கும் பைன் மரங்கள்.
பூனைகூட வட்டத்தைக் கற்றுக்கொண்டு
வெளியே போய்ப் படுக்கிறது.

பத்திரமாகத்தான் இருந்தேன்.
தொடைமேல் வைத்துச் செதுக்குவதில்லை;
அங்கே ஓடும் குழாய் அறுந்தால்
ஆம்புலன்ஸுக்கு நாற்பது நிமிடம்,
எனக்கு நாலு.
முதலுதவிப் பெட்டி அலமாரியில் இல்லை,
தரையில், கதவோரம்,
தவழ்ந்து வருகிறவளுக்கு எட்டுகிற மாதிரி.
ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலை இல்லாமல்,
பட்டையைப் பல்லால் கடித்து இழுத்து
ஒற்றைக் கையால் கட்டுப்போட்டுப் பார்த்தேன்.
இறுக்கம் நன்றாகவே இருந்தது.
அவிழ்க்கத்தான் அரைமணி.

ஜூனிப்பர் முறுக்குள்ள மரம்.
வெண்ணெய்க்கத்தி ஒன்றுக்குள்
எழுபது வருஷத்துக் காற்றை
மடித்து வைத்திருக்கும்.
கணு வரும்போது வேகம் காட்டாதே,
மழுங்கின அலகை நம்பாதே,
தூசிக்கு முகமூடி,
வைன் குடித்த இரவில் உறையிலேயே கிடக்கட்டும்.
எல்லாம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்,
படிக்க நான் மட்டுமே இருந்த சுவரில்.

பனிவண்டி ஓட்டும் தார்வோவோடு
ஓர் ஏற்பாடு.
காலை ஏழுக்குத் தபால்பெட்டிக் கம்பத்தில்
சிவப்புக் கரண்டியை மாட்டுவேன்.
தொங்கினால் அவன் நிற்காமல் போகலாம்.
நாலு குளிர்காலம்
அவன் நிற்காமலே போனான்.

இந்த ஜனவரியில் ஒருநாள்
எதுவும் வெட்டிக்கொள்ளவில்லை.
கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்,
ஒரு காலில் காலுறை.
மற்றது கையில்.
அதை என்ன செய்ய வேண்டும் என்று
தெரியும்.
கரண்டி உள்ளே ஆணியிலேயே தொங்கியது.
வண்டிச் சத்தம் வந்தது, தாண்டிப் போனது.
பிறகு பின்னால் வந்தது,
பீப், பீப் என்று,
காட்டுக்கே தெரியும்படி.

கதவைத் திறந்ததும் கேட்டான்:
"ரத்தமா?"
இல்லை என்றேன்.
என் விரல்களை எண்ணினான், பத்து.
நம்பாமல் இன்னொரு தடவை.
அப்புறம் செதுக்குகிற முக்காலியை இழுத்துப்போட்டு
சரியாக வட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்தான்.
"அப்போ காபி" என்றான்.
அவனே போட்டான், கேவலமாக.
கியர்பெட்டியில் எண்ணெய் ஒழுகுவதைப் பற்றி
இருபது நிமிடம் பேசினான்.
பத்தாவது நிமிடத்தில்
இரண்டாவது காலுறையைப் போட்டிருந்தேன்.
அவன் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.
சாலையில் பனி சேர்ந்துகொண்டிருந்தது,
யாரோ எங்கோ வேலைக்குத் தாமதமாகியிருப்பார்கள்.

கார்ட்லாவில் டாக்டரைப் பார்த்தேன்.
மாத்திரை வாய் உலர்த்துகிறது.
புதன்கிழமை தீயணைப்பு நிலைய மாடியில்
நாலு பேர் செதுக்குகிறோம்.
மாயே கத்தி பிடிக்கிற விதத்தைப் பார்த்தால்
எனக்கே நெஞ்சு அடைக்கிறது.
எல்லாப் புதனும் பிடிக்கும் என்றும் சொல்ல மாட்டேன்.
சிலசமயம் பாதியிலேயே கிளம்பிவிடுகிறேன்.

தரையிலிருக்கும் பெட்டியைப் போன வாரம் திறந்து
பழைய பஞ்சை மாற்றினேன்.
மூடியின் உட்பக்கம் இரண்டு தொலைபேசி எண்கள்,
பெரிய எழுத்தில்,
கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்கு.

இன்று காலையும் கரண்டி மாட்டினேன்.
காம்பில் புதிதாக ஒரு துளை போட்டு,
தலைகீழாக.
தார்வோ யோசித்துச் சொன்ன குறி அது:
ரத்தமில்லை.
இருந்தாலும் நில்.